நோயாளி எண் ஒன்று

கடிதத்தின் கடைசி வரியை டாக்டர் நாலாவது தடவையாகப் படித்தாள். முதல் மூன்று தடவை எங்கே இருந்ததோ, அது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

'திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. பராமரிப்புக் குறிப்பேட்டில் கண்ட விலங்கையும் தவறாமல் உடன் கொண்டு வரவும்.'

"கொண்டு வரச் சொன்னா கொண்டு போயேன்," என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எதைக் கொண்டு போறது?"

"உன் முயலை."

"எந்த முயலை?"

மெஷின் நின்றது.

டாக்டர் என்பது அவள் இன்னும் வாங்காத பட்டம். பதினேழு வயதுதான் ஆகிறது. ஆனால் ஆறு வயதில் ஒரு பல்லியின் வாலை அதனிடமே திருப்பி ஒட்ட முயன்ற நாளிலிருந்து வீட்டில் அதுதான் அவள் பெயர். ஃபிரிட்ஜ் கதவில் அவளுடைய வாழ்க்கைத் திட்டம் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டில் கால்நடை மருத்துவப் பட்டம். இருபத்தைந்தில் அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு. முப்பதில் நாலு மாடி ஆஸ்பத்திரி. யானைகளுக்குத் தரைத்தளம், லிஃப்ட் வேண்டியதில்லை. முப்பத்தெட்டில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் உலகிலேயே முதன்முதலாக ஏதோ ஒன்று. அது என்ன என்பதை முப்பத்தேழில் முடிவு செய்வதாக இருந்தாள். நாற்பதில் ஒரு விருது. நாற்பத்தொன்றில் இன்னொரு விருதை வேண்டாம் என்று சொல்வது.

இத்தனையும் நடக்க முதலில் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் அவள் வாங்கிய மார்க், வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டது. உள்ளே பிடித்துத் தள்ள வேண்டியது குறிப்பேடுதான். ஒரு பிராணியை ஒரு வருஷம் வளர்த்து, மாதாமாதம் எழுதிய குறிப்பேடு. பாதி மதிப்பெண் அதற்கு.

அந்த வீட்டில் கொசுவைத் தவிர வேறு எதையும் வளர்க்க அம்மா விட்டதில்லை. ஆகவே டாக்டர் ஒரு முயலைக் காகிதத்தில் வளர்த்தாள். ஒரே மூச்சில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில், நாலு கலர் பேனாவில் அதற்கு ஒரு வருஷம் ஆனது.

சும்மா ஒரு முயலை வளர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக இருக்கிற பிராணிக்கு டாக்டர் எதற்கு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஜனவரியில் சளி. மார்ச்சில் கண்ணில் புண். ஜூனில் அலமாரியிலிருந்து விழுந்து வலது பின்னங்கால் முறிவு. செப்டம்பரில் பல் நீளமாக வளர்ந்து சாப்பிட முடியாத நிலை. நவம்பரில் இடது காது கிழிந்து ஏழு தையல். எல்லாவற்றையும் குணப்படுத்தியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்குப் பெயர் வைத்தால் பாசம் வைத்தது போல இருக்கும் என்று 'நோயாளி எண் ஒன்று' என்றே குறித்திருந்தாள்.

அம்மா குறிப்பேட்டைக் கடைசிவரை படித்தாள்.

"செத்துப்போச்சுன்னு சொல்லிடு. இதைப் படிச்சவங்க யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"நோயாளியைச் சாகடிச்ச டாக்டரை எந்தக் காலேஜ்ல சேர்த்துப்பாங்க?"

"அப்ப உன் மாமாவைக் கூப்பிடு."

மாமா அம்மாவின் தம்பி. பழைய சாமான் வாங்கி விற்கிறவர். பழைய பீரோ, பழைய மின்விசிறி, ஒரு தடவை மணியில்லாத ஒரு கோபுரக் கடிகாரம். உலகத்தில் பேசி முடிக்க முடியாத விஷயம் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. வந்து உட்கார்ந்ததும் குறிப்பேட்டைக் கையில் எடுத்து, திருமணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினார்.

"அஞ்சு வியாதி. இதுல கட்டாயம் எத்தனை வேணும்?"

"அஞ்சும் வேணும் மாமா. எழுதிக் கொடுத்தாச்சு."

"சளியையும் கண்ணையும் விட்டுடலாம். ஆறிப்போச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியும். பல்லை வெட்டியாச்சு. மிச்சம் ஒரு காலு, ஒரு காது. காதை நீ விட்டுக்கொடு, காலை நான் பார்த்துக்கிறேன்."

"காலைப் பார்த்துக்கிறேன்னா? முயலை யாரும் ஒண்ணும் பண்ணக் கூடாது. நான் டாக்டர்."

"சரிம்மா. கால்ல ஒரு துணியைச் சுத்துறதுக்காவது அனுமதி உண்டா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா முயலோடு வந்தார். கல்லூரிக்குப் பின்னால் ஒரு தீவனக் கடை. அந்தக் கடைக்காரப் பெண்மணியிடம் ஒரு மணி நேரம் பேசி, ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார். கூண்டும் கூடவே வந்தது.

"திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடணும். செவ்வாய்க்கிழமைக்கு வேற யாரோ சொல்லி வச்சிருக்காங்களாம்," என்றார்.

டாக்டர் கூண்டுக்குள் பார்த்தாள். முயலும் அவளைப் பார்த்தது. தலையணைக்கு உறை மாட்டியது போல வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

"மாமா, குறிப்பேட்டுல பழுப்பு நிறம்."

"நிறத்துல என்ன இருக்கு?"

"எடை ஒன்றரைக் கிலோன்னு எழுதியிருக்கேன். இது நாலு கிலோ இருக்கும் போலிருக்கே."

"நீ நல்லாப் பார்த்துக்கிட்டேன்னு அர்த்தம்."

"ஆணா, பெண்ணா?"

"ஆண். அதுக்கு நான் கேரண்டி."

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்ட் மாதம் எழுத விஷயம் கிடைக்காமல், 'நோயாளி கருவுற்றிருப்பதாகச் சந்தேகம்' என்று எழுதியிருந்தாள்.

"சாயம் பூசிடலாமா?" என்றாள் அம்மா. தையல்காரிக்குச் சாயம் என்பது சின்ன வேலை.

"நக்கினா வயித்துக்குள்ள போயிடும். வேண்டாம்மா."

முயலை மாற்ற முடியாது என்றால் குறிப்பேட்டை மாற்ற வேண்டும். விண்ணப்பத்தோடு போனது நகல்தானே, அசலில் வரிகளைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் மாமா. டாக்டர் பேனாவை எடுத்தாள். ஆகஸ்டுக்கு அடுத்த பக்கத்தின் ஓரத்தில், 'சந்தேகம் நீங்கியது. காரணம்: ஆண்' என்று எழுதினாள். டிசம்பரில், 'காது கிழிந்த அதிர்ச்சியில் ரோமம் முழுவதும் வெளுத்துவிட்டது' என்று சேர்த்தாள். அதிர்ச்சியில் எடை கூடுமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு, 'கவலையில் அதிகம் சாப்பிடுகிறது' என்றும் போட்டாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அஞ்சு வியாதி எட்டாயிடுச்சு."

"அக்கா, நீ சும்மா இரு. சரக்கு ஏற ஏறத்தான் மதிப்பு," என்றார் மாமா.

திங்கட்கிழமை கிளம்புகிற அவசரத்தில் டாக்டரே காலுக்குக் கட்டுப் போட்டாள். கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். முறிந்தது வலது கால். கட்டு இடது காலில்.

வராந்தா முழுக்கப் பிள்ளைகள், பிராணிகள். ஒரு வாளியில் ஆமை. ரிப்பன் கட்டிய ஆட்டுக்குட்டி. ஒரு பையன் மடியில் வான்கோழி. இரண்டில் எது அதிகமாக நடுங்குகிறது என்று சொல்வது சிரமம். டாக்டர் கூண்டுக்குள் கையை விட்டு அவசரமாகக் கட்டை அவிழ்த்தாள். முயல் தானே வலது காலை நீட்டிக் கொடுத்தது.

பக்கத்தில் ஆமைக்காரப் பெண்ணின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடி எந்தக் கால்லம்மா?"

"வலி ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு மாறிட்டே இருக்கு ஆன்ட்டி."

அந்த அம்மா தன் ஆமையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"இருபத்தேழு," என்று கூப்பிட்டார் கதவருகே நின்ற ஊழியர். காக்கி உடை, காதில் செருகிய பென்சில். இருபத்தேழு டாக்டருடைய எண். அவள் குறிப்பேட்டைத் தேடினாள். தூங்கிக்கொண்டிருந்த முயல் எழுந்து கூண்டின் கதவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது.

உள்ளே பேராசிரியர் ஒருவர்தான். நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டு, சிரிப்பைப் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிட்ட முகம். டாக்டர் கூண்டைத் திறந்தாள். முயல் இறங்கி, மேசையில் நடந்துபோய், எடை மெஷினில் ஏறி உட்கார்ந்தது.

பேராசிரியர் குறிப்பேட்டைப் படித்தார். ஒரு பக்கம் விடவில்லை. ஆகஸ்டில் கொஞ்சம் நின்றார்.

"ரோமம் வெளுத்தது அதிர்ச்சியிலா?"

"ஆமா சார்."

"காது கிழிஞ்சது அதுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில பார்த்துடுச்சு சார்."

அவர் தலையை ஆட்டினார். முயலின் இடது காதைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு கீறல் இல்லாத காது. "ஏழு தையல். ஒரு தழும்புகூடத் தெரியலை. பிரமாதம்." பிறகு கட்டை அவிழ்த்துக் காலைத் தடவினார். "ம். இங்கேதான் முறிஞ்சிருக்கு. எலும்பு எவ்வளவு அழகா கூடியிருக்கு பாருங்க."

டாக்டர் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்ததில் அவளுக்கே அந்த இடம் தெரிகிற மாதிரி இருந்தது.

முயல் வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. பேராசிரியர் அதற்கும் நன்றாக இருக்கிறது என்றார். எட்டு வியாதிக்கும் வரிசையாக ஒரு சரி போட்டு, கீழே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எழுதினார்.

தொண்ணூற்றாறைப் பார்த்ததும் டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுவதா?

"சார், நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"வேண்டாம்மா," என்றார் அவர் உடனே. "முயலுக்கு ஓய்வு வேணும். இடம் உங்களுக்குத்தான். ஒண்ணாம் தேதி வந்து சேருங்க."

வெளியே வந்தபோது அவள் கால் தரையில் படவில்லை. கூண்டைத் தூக்கியபடி வராந்தாவில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அதுவரை வேப்பங்கொட்டையை விழுங்கியவர் மாதிரி வெளியே காத்து நின்ற மாமா, தொண்ணூற்றாறு என்றதும் மலர்ந்துவிட்டார்.

"நூறுக்குப் பேசிப் பார்த்திருக்கலாம்," என்றார்.

"மாமா, அவருக்கு முயலைப் பத்தி ஒண்ணுமே தெரியலை. உடையாத காலைத் தடவிட்டு அழகா கூடியிருக்குங்கிறார். பாவமா இருக்கு."

"பெரிய படிப்புப் படிச்சவங்களை ஏமாத்துறது சுலபம்மா. எதிர்ல நிக்கிறதை நம்ப மாட்டாங்க, எழுதிக் கொடுத்ததை நம்புவாங்க."

"இவர் எப்படிப் பேராசிரியர் ஆனார்னே தெரியலை. முப்பத்திரண்டுல நான் இந்த நாற்காலிக்கு வந்துடணும். திட்டத்துல சேர்க்கணும். யாராவது ஒருத்தராவது இங்கே ஒழுங்கா பரீட்சை வைக்கணும்ல?"

கதவருகே நின்ற ஊழியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர்களிடம் வந்தார். உரிமையோடு கூண்டுக்குக் கை நீட்டினார். முயல் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.

"நீங்க கடை வரைக்கும் அலைய வேண்டாம், என்கிட்டயே கொடுத்துடுங்க, எங்க வீட்டு முயல்தான். உள்ள உட்கார்ந்திருக்கிற பெரிய சாரை அந்தக் காலத்துல இதே ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் சீட் வாங்கிக் கொடுத்தது இதோட கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா."