சீக்கிரம் கட்டினால் அபராதம்

"சீக்கிரம் கட்டினா அபராதம் சார்," என்றாள் வங்கிக் கவுன்ட்டர் பெண்.

"லேட்டாக் கட்டினா?"

"அதுக்கும் அபராதம்தான்."

"அப்ப எப்பத்தாம்மா கட்டறது?"

"நாங்க சொல்ற தேதியில, நாங்க சொல்ற வருஷம் வரைக்கும் சார்." மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் ஒரு மெத்தை கம்பெனியில் புகார் எழுத்தர். மெத்தையில் பள்ளம் விழுந்துவிட்டது, தூக்கம் வரவில்லை என்று போனில் புலம்புகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தன் தூக்கத்தைத் தொலைத்தவர். மச்சான் ஜெராக்ஸ் கடை வைக்கத் தன் பெயரில் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்திருந்தார். மச்சான் கடையை மூடிவிட்டான். கடன் மட்டும் திறந்தே கிடந்தது. பாக்கி இன்னும் அவருடைய ஒரு வருஷச் சம்பளம் அளவுக்கு இருந்தது.

அந்தக் கடனுக்காகத்தான் மேனேஜரைப் பொறுத்துக்கொண்டிருந்தார். ஊழியர்கள் மேனேஜருக்கு வைத்த பெயர் சுத்தியல். யார் தலை நிமிர்ந்தாலும் ஒரு போடு போடுவார். "என்னய்யா, மெத்தை கம்பெனின்னா தூங்கணும்னு அர்த்தமா?" என்று வருஷக்கணக்காக ஒரே ஜோக்கைச் சொல்லி, எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். எழுத்தரும் சிரிப்பார். தவணை கட்டுகிறவனுக்கு எந்த ஜோக்கும் நல்ல ஜோக்குதான்.

கடன் முடிந்ததும் வேலையை உதறிவிட்டு, சுத்தியலை முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

"அப்புறம் சாப்பாட்டுக்கு?" என்றாள் மனைவி.

"கடன் இல்லாதவனுக்கு ஆயிரம் வேலை."

வசனம் தயாராகிவிட்டது. குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் ஒத்திகை நடந்தது.

"யோவ்! என்னை என்ன உன் வீட்டுத் தலகாணின்னு நினைச்சியா?"

மனைவி கதவைத் தட்டினாள். "மெதுவாங்க! பக்கத்து வீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டறீங்கன்னு வாசல்ல வந்து நிக்கறார்."

அன்றிலிருந்து ஒத்திகையை ஆபீஸ் கழிவறைக்கு மாற்றினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் வரமாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அறைதான். ஆனால் சுத்தியல் சாப்பிடும்போது யார் பேச்சையும் கேட்கமாட்டார். சாப்பிடாதபோதும் கேட்கமாட்டார்.

இனி பணம். சேமிப்புப் பத்திரத்தைப் பாதியில் முறித்தார். பாதியில் முறித்ததற்கு அங்கேயும் அபராதம். இரண்டு அபராதத்தையும் கட்ட ஸ்கூட்டரை விற்றார். இவருடைய அவசரத்தை முகத்திலேயே படித்துவிட்ட தரகர் பாதி விலைதான் கொடுத்தார். ஸ்கூட்டர் போனதால் பஸ். பஸ்ஸால் தாமதம். தாமதத்துக்குச் சம்பளப் பிடித்தம். கடன் குறைகிற வேகத்தில் ஆளும் குறைந்துகொண்டு வந்தார்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மேனேஜரின் கார் வந்து நின்றது.

"ஏறுய்யா."

ஏறினார். வழியெல்லாம் மேனேஜரின் முழங்கால் வலியைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆபீஸ் வாசலில், "லோன் கீன் எல்லாம் எந்த மட்டுல இருக்கு?" என்றார் மேனேஜர்.

"முடிச்சுடலாம்னு பாக்கறேன் சார்."

"முடி, முடி. கடன் இருக்கிறவன் நிமிர்ந்து நடக்க முடியாதுய்யா."

எழுத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெட்டப்போகிறவனுக்கு ஆடே கத்தி தீட்டிக் கொடுக்கிறதே!

கடனை முடிக்கப் போன அன்று வங்கிப் பெண் கணக்கு போட்டாள். இன்றைய தேதிவரை வட்டி, அதோடு கணக்கை மூடும் கட்டணம். மறுபடியும் கையிலிருந்த பணம் குறைந்தது. தொங்கிய முகத்தோடு ஆபீஸுக்குத் திரும்பினார்.

"எவ்வளவுய்யா குறையுது?" என்றார் மேனேஜர்.

சொன்னார். ஸ்டேப்ளரை இரவல் கொடுத்தால்கூட உள்ளே இருக்கிற பின்னை எண்ணிவிட்டுக் கொடுக்கிற மனுஷன், சொந்தப் பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினார். "இன்னைக்கே போய் முடிச்சுடு. லீவை நான் பாத்துக்கறேன்."

கடன் முடிந்தது. வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்டயே கைமாத்து வாங்கி, அவரையேவா திட்டப் போறீங்க?"

"கைமாத்து வேற, கொள்கை வேற."

"ஒரு வாரம் பொறுங்களேன். மனுஷன் மாறியிருக்கார்."

"மாறல. பயந்திருக்கார்."

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். தொண்டையைக் கனைத்தார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த 'யோவ்' வாசலிலேயே நின்றுவிட்டது.

"சார்! என்னை என்ன... உங்க வீட்டு... உங்க வீட்டு..."

"தலகாணி," என்று எடுத்துக்கொடுத்தார் மேனேஜர்.

"ஆமா, தலகாணின்னு நினைச்சீங்களா? இந்தாங்க ராஜினாமா!"

வேகத்தில் வேறெதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. மேனேஜர் கோபப்படவில்லை. பேனா கையிலேயே தயாராக இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"சார், அந்தக் கைமாத்து..."

"வேண்டாம்யா, வச்சுக்க. நல்லா இரு."

எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷனையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால் தரையில் பாவவில்லை. கடனும் இல்லை, சுத்தியலும் இல்லை. மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார்.

கேட்டில் காவலாளி சீருடை இல்லாமல், சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார்.

"என்னய்யா, யூனிஃபார்ம் எங்க?"

"எனக்கும் இன்னையோட சரி சார். ஆள் குறைக்கிறாங்க, ஒரு வருஷச் சம்பளத்தை மொத்தமாக் கையில கொடுத்து அனுப்பறாங்க," என்றார் காவலாளி பூரிப்போடு. "உங்க பேர்தான் சார் முதல் பேரா இருந்துச்சு, 'அந்தாளுக்குக் கடன் முடிஞ்சாத் தானாவே போயிடுவான், கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லி மேனேஜர்தான் ஒரு மாசமாத் தள்ளிப் போட்டுட்டிருந்தார்!"