மேருவுக்குப் போன 'நேத்து மிஞ்சின ரசம்'

இல்லை என்று சொல்லத் தெரியாதவன் வியாபாரம் செய்யக் கூடாது. அப்படியே செய்தாலும் அவன் கையில் கைப்பேசியைக் கொடுக்கக் கூடாது. இந்த உண்மை எனக்கு விளங்கியபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன். பாதி வாழ்க்கை லோரி ஓட்டினேன். மீதியில், பிரிக்பீல்ட்ஸில் என் மனைவி பிலோமினா சமைக்க, நான் ஆபீஸ் ஆபீஸாகச் சாப்பாடு கொண்டுபோனேன். (சமைக்கிறவள் முதலாளியா, சுமக்கிறவன் முதலாளியா என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் தீராத வழக்கு.) வாட்ஸ்அப் வந்ததும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. ஒரு செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் எதையும் படிக்காமலே எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் போட்டுவிடுவேன். காலை வணக்கத்துக்கும் அதுதான், கல்யாணப் பத்திரிகைக்கும் அதுதான். செந்தூலில் என்னோடு லோரி ஓட்டிய தங்கசாமி இறந்த செய்திக்கும் அதுதான். அவன் தம்பி இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. (தங்கசாமி இருந்திருந்தால் சிரித்திருப்பான். ஒரு தடவை டெங்கிலில் அவன் லோரியைச் சாக்கடையில் இறக்கிவிட்டு... சரி, அது கிடக்கட்டும்.)

எங்கள் மகள் ஜெசிந்தா கம்ப்யூட்டர் படித்தவள். நல்ல வேலையில் இருந்தாள். திடீரென்று ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"நம்ம கடைக்கு ஆப் செஞ்சிருக்கேன்ப்பா. நம்மகிட்ட நல்லா ஓடுனா மத்த கடைக்காரங்களும் கேப்பாங்க."

"ஓடலன்னா?" என்றாள் பிலோமினா.

"ஓடும்மா."

தினமும் அந்த ஆப்பில் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பாள். மாற்றியதை யார் கொண்டுபோய் வாடிக்கையாளர் போனில் சேர்ப்பது என்று கேட்டேன்.

"யாரும் வேணாம்ப்பா. எல்லாம் தானா நடக்கும். நீங்க சோறு, குழம்பு, கூட்டு எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டிப் பொங்குஸ் பண்றீங்கல்ல? எங்க கொண்டுபோய்ப் பிரிச்சாலும் அதே சாப்பாடுதானே? ஆப்பும் அப்படித்தான். மெஷினே பொட்டலம் கட்டும், மெஷினே ருசி பாக்கும். சரியா இருந்தா மெஷினே அனுப்பிடும். அனுப்புறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்தை கேக்கும். நீங்க கட்டைவிரல் போட்டாத்தான் போகும். நீங்கதானே முதலாளி!"

பிலோமினா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆனா நான் போன் பண்ணிச் சொன்னா மட்டும் போடுங்கப்பா."

"அது தெரியாதா எனக்கு?" என்றேன்.

அப்போதுதான் மேரு என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலை, ஆட்களுக்கு மதியச் சாப்பாடு எங்களிடம் எடுக்கலாமா என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை முயன்று பார்ப்பதாகச் சொன்னது. காலை பத்து மணிக்குள் ஆட்கள் ஆப்பில் ஆர்டர் போட வேண்டும். பிடித்திருந்தால் தினமும் எங்கள் சாப்பாடுதான். ஜெசிந்தா வேலையை விட்டது வீணா இல்லையா என்பது அந்த வெள்ளிக்கிழமையில் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

அன்று காலை நான் வழக்கம்போல வந்த பூக்களுக்கும் மாதா படங்களுக்கும் கட்டைவிரல் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் இங்கிலீஷில் ஏதோ ஒன்று. பாவம், அதற்கும் ஒன்று போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலை மேனேஜர் அம்மா கூப்பிட்டார்.

"அங்கிள், உங்க மெனுவுல 'நேத்து மிஞ்சின ரசம்'னு இருக்கே. நெஜமாவா?"

வாடிக்கையாளரிடம் நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

"இருக்கும்மா. எவ்ளோ வேணும்?"

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடம் ஜெசிந்தா அறையிலிருந்து ஓடிவந்தாள். ஒத்திகை பார்க்கும்போது அடையாளம் தெரிவதற்காக அவள் சாப்பாட்டுக்கெல்லாம் விளையாட்டுப் பெயர் வைத்திருந்தாளாம். 'நேத்து மிஞ்சின ரசம்', 'அப்பா சொன்ன கதை சாம்பார் (ரொம்ப நீளம்)', 'அம்மா முறைச்ச மீன்'. பெயர்களை மாற்றுவதற்குள் அந்தப் பொட்டலம் மேருவில் எல்லார் போனிலும் பிரிந்து கிடந்தது.

"என்னத்தப்பா அமுக்குனீங்க?"

"நான் ஒண்ணும் அமுக்கல. எப்பவும் போடுறதத்தான் போட்டேன்."

"இனிமே அந்தப் போனைத் தொடாதீங்க!"

ரோஷம் வந்துவிட்டது. போனை அரிசி டின்னுக்குள் போட்டு, மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஜெசிந்தா அறைக்குள் போனாள். "பழைய பொட்டலம் பத்திரமா இருக்கும்மா, அதையே திரும்ப அனுப்பிட்டாப் போதும்" என்று குரல் வந்தது. பிறகு ஒரு அலறல். "அப்பா! கட்டைவிரல் கேக்குது! போடுங்க!"

"மாட்டேன். தொடாதீங்கன்னு சொன்னே."

"இப்பப் போடுங்கப்பா! பழசை அனுப்பணும்னாலும் நீங்கதான் சரி சொல்லணும், நான் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். அதை மாத்துறதுக்குள்ள பத்து மணி ஆயிடும்!"

"என்னைச் சோதிச்சுப் பாக்குறியா?"

"இந்தாங்க, எந்திரிங்க!" என்று பிலோமினா கரண்டியோடு வந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவருக்கு 'மாட்டேன்' சொல்லியிருக்கிறேன், அதை உடனே விட மனம் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து, அரிசிக்குள் துழாவிப் போனை எடுத்து, என் விரலைப் பிடித்து அழுத்தினார்கள். பழைய மெனு வந்துவிட்டது. மேரு ஆட்கள் அதற்குள் ஆர்டர் போட்டு முடித்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டது அம்மா முறைச்ச மீன்.

மதியம் நான் வேனை ஓட்ட, ஜெசிந்தா பக்கத்தில் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வந்தாள். (கத்தியிருந்தால் தேவலை.) கேன்டீன் வாசலிலேயே மேனேஜர் அம்மா நின்றிருந்தார். ரசத்தைத் திறந்து முகர்ந்தார். ஒரு கப்பில் ஊற்றி நின்றபடியே குடித்தார்.

"இது இன்னைக்கு வச்சதுதானே?"

"ஆமாம்மா. காலையில வச்சது."

"அப்புறம் ஏன் அங்கிள் நேத்து ரசம் இருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க ஆசையாக் கேட்டீங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல."

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஆட்கள் தட்டோடு, "எங்க அந்த முறைச்ச மீன்?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமையில இருந்து டெய்லி கொண்டாங்க" என்றார் மேனேஜர் அம்மா. "ஆனா அந்த மீன் பேரை மட்டும் மாத்தாதீங்க லா."

ஜெசிந்தா வேனில் ஏறி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாதி வழியில் அது சிரிப்பாகிவிட்டது.

இப்போது என் கட்டைவிரல் மட்டும் போதாது, பிலோமினாவும் போட்டால்தான் மெஷின் அசையும். அந்த முதலாளி வழக்கு யார் பக்கம் தீர்ந்தது என்று நான் வாய் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மீன் வெட்டும்போது மட்டும் அவள் என்னைக் கூப்பிட்டு எதிரே ஸ்டூலில் உட்காரச் சொல்வாள்.

"எதுக்கு?"

"முறைக்கணும். ஆர்டர் வந்திருக்கு."