ஈறுகெட்ட ஒருமைப்பாடு

பெரம்பலூர் ஈறும் அரியலூர் ஈறும் ஒன்றுபடாமல் பாரதம் ஒன்றுபடாது என்ற பேருண்மையை முதலில் கண்டவன் அடியேன். அதனால்தான் இரு மாவட்டக் கூட்டு 'ஈறுநலக் கணக்கெடுப்பு'க்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். அரியலூர்ப் பக்கம் கோடி வருஷத்துப் பல்லைக் கல்லிலிருந்து பெயர்த்து, இன்ன மீனுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். உயிரோடிருக்கும் மனிதரின் ஈறுதான் அடங்க மாட்டேன் என்கிறது.

சிக்கல், குன்னம் பள்ளித் தமிழாசிரியை புஷ்பவல்லியின் வாயில் தொடங்கியது. பெரம்பலூர் பல் மருத்துவர் சுதர்சன், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக்குச்சியை விட்டு, ஈறுநோய் 'நடுத்தரம்' என்றார். அரியலூர் பல் மருத்துவர் ஹேமலதா அதே இடத்தில் விட்டு, 'கடுமை' என்றார்.

“எதுவா இருந்தா என்னங்க, ரத்தம் வருது,” என்றார் புஷ்பவல்லி. “மேல்பல்லு ஆடுது. 'த' வர மாட்டேங்குது. நான் 'தமிழ்'னு சொன்னா காத்துதான் வருது, பத்தாம் வகுப்புப் புள்ளைங்க சிரிக்குதுங்க. மருந்து குடுத்துப் பல்லக் காப்பாத்துங்க.”

“குடுத்தா ஈறு ஆறிடும்மா,” என்றேன்.

“அதுக்குத்தானங்க மருந்து?”

“ஆறிட்டா நாங்க எதை வகைப்படுத்துறது?”

தமிழ் படித்தவர், பொதுநலம் புரியவில்லை. இருந்தாலும் மீன்சுருட்டியில் கூட்டம் போட்டு, அவரை 'மாதிரி வாய்' என்று அறிவித்துக் கௌரவித்தோம். வாயைத் திறந்தே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டோம், பேசுவதற்கு அல்ல. மருத்துவர்கள் மாறி மாறிக் குத்தினார்கள். டீ வந்தது, வடை வந்தது, கருத்தொற்றுமை மட்டும் வரவில்லை.

“'நடுத்தரக் கடுமை'ன்னு போட்டுடலாமா?” என்றேன்.

“அதென்ன, பெரம்பலூர் முன்னாடி?” என்றார் ஹேமலதா. “'கடுமையான நடுத்தரம்'னு போடுங்க.”

கீழப்பழுவூர் முகாமில்தான் அற்புதம் நிகழ்ந்தது. புஷ்பவல்லியின் ஆடும் பல்லில் சுதர்சன் குச்சியை வைத்தார், பல் கையோடு வந்துவிட்டது. எங்கள் விதிப்படி, இல்லாத பல்லுக்கு ஈறுநோய் கிடையாது.

“பதிவு இல்லை,” என்றார் சுதர்சன்.

“பதிவு இல்லை,” என்றார் ஹேமலதா.

ஆகா, முழு ஒருமைப்பாடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாவட்டத்தில் ஒரு நோயும் குறைந்தது. புஷ்பவல்லி பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அதையெல்லாம் கவனிக்க எங்களுக்கு ஏது நேரம்? உடனே வெற்றி விழா எடுத்தோம். மருத்துவர்களுக்குக் கேடயம், எனக்குப் பொன்னாடை, 'மாதிரி வாய்'க்கு ஒரு பற்பசை.

“ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா,” என்று பெருந்தன்மையோடு மைக்கை நீட்டினேன்.

'த' வந்த இடமெல்லாம் காற்று ஊத, அவர் நிதானமாகப் பேசினார்.

“ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு இலக்கணத்துல ஒண்ணு உண்டு. எல்லாரும் படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. ஈறு கெட்டது எனக்கு. மருந்து கேட்டப்ப சார் சொன்னது எதிர்மறை. பெயர் அவங்களுக்கு.”

கைக்குட்டையைப் பிரித்து, பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“எச்சம், இந்தாங்க.”