கல்யாணத்துக்குப் பக்கத்தில் கருமாதி

"கல்யாணத்துக்குப் பக்கத்துல கருமாதிய வச்சிருக்கியே மகள், இது உனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார் வைரவநாதன்.

யசோதினி கண்ணாடி மேசைமேல் விரித்திருந்த வெள்ளைச் சார்ட் தாளைக் குனிந்து பார்த்தாள். பதுளை பஜாரில் இருக்கும் வைரவநாதனின் புடவைக் கடைக்கு ஓர் இணையத்தளம் வேண்டும். அதற்கு முன்னால், எந்தப் பக்கத்துக்குள் எந்தப் பக்கம் வரும் என்று பெட்டி பெட்டியாக வரைந்து காட்டுகிற சைட்மேப் அது. உச்சியில் 'முகப்பு'. அதிலிருந்து கோடுகள் இறங்கி, திருவிழா, சடங்கு, கல்யாணம், கருமாதி என்று நாலு பெட்டிகள் வரிசையாக நின்றன.

"ஐயா, இது வெறும் பெட்டி. பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது."

"உனக்கு ஆகாது. மகளுக்குக் கூறச்சேலை எடுக்க வர்றவ கண்ணுல கருமாதி பட்டுச்சுன்னா, அப்புறம் என் கடைப் பக்கம் தலை வச்சுப் படுப்பாளா?"

முதலில் அவள் சேலை, வேட்டி, சாரம், சிறுவர் உடை என்று ஒழுங்காகத்தான் பிரித்திருந்தாள். அதற்கும் ஒரு பாட்டு கிடைத்தது. "எந்தத் தோட்டத்துல இருந்து வர்றவனாவது 'வேட்டிப் பிரிவு எங்க'ன்னு கேட்டிருக்கானா? 'வீட்டுல சடங்கு, நல்லதா எடுங்க'ன்னுதான் கேப்பான்" என்றார். அது நியாயமாகப் பட்டதால் விசேஷவாரியாக மாற்றினாள். மாற்றியதன் பலன், கல்யாணத்துக்குப் பக்கத்தில் கருமாதி வந்து உட்கார்ந்துகொண்டது.

யசோதினி தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, படித்து, கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஊரில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று வீராப்பாக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வைரவநாதன்தான் முதல் வாடிக்கையாளர். அதாவது, ஆகப் போகிறார் என்று அவளாக நம்பிக்கொண்டிருந்தாள். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை கிடைத்தால் ஊரில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கொழும்பு பஸ். அவளுக்குப் போகத் துளியும் மனமில்லை.

"மொதலாளி, இதென்ன கரை? நூலாட்டம் ஒல்லியா இருக்கு!"

மேசையின் மறுமுனையில் அங்கம்மா சத்தம் போட்டாள். ஹாலிஎலப் பக்கத் தோட்டத்துக்காரி. மகள் பெரியவளான சடங்குக்குச் சேலை பார்க்க வந்தவள், வந்ததிலிருந்து ஒரு மஞ்சள் சேலையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தண்ணிக்குத் தாங்குமா இது? முந்தானையில இருக்கிறது பூவா, புழுவா?"

"அப்ப இந்த நீலத்தப் பாரும்மா" என்றார் வைரவநாதன்.

"ரொம்ப அழகா இருக்கு" என்று அங்கம்மா மனதாரச் சொன்னாள்.

வைரவநாதன் உடனே நீலத்தை மடித்து அலமாரியில் வைத்தார். அங்கம்மா மறுபடி மஞ்சளை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த முறை அதன் மடிப்பில் குறை கண்டுபிடித்தாள். அந்தச் சேலையைப் பார்க்க யசோதினிக்குப் பாவமாக இருந்தது. அதற்கும் தனக்கும் இன்று ஒரே ராசிபலன் போலிருக்கிறது.

அவள் கருமாதிப் பெட்டியை அழித்து, மூலையில் ஒரு போன் நம்பரோடு இருந்த 'தொடர்பு கொள்ள' என்ற பெட்டிக்குக் கீழே வரைந்தாள். கல்லாவில் இருந்த பூவம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். வைரவநாதனின் மனைவி, கடையில் கடைசி வார்த்தை அவருடையது.

"இது யாரு நம்பர்?"

"உங்க வீட்டு நம்பர் ஆன்ட்டி."

"என் வீட்டு நம்பருக்குக் கீழ கருமாதியா? அடியாத்தி! இங்க பாருங்க, இந்தப் புள்ள என்ன பண்ணியிருக்குன்னு!"

யசோதினி அவசர அவசரமாக அதை அழித்தாள். எஞ்சியிருந்தது 'எங்களைப் பற்றி' என்ற பெட்டிதான். கடையை ஆரம்பித்த வைரவநாதனின் அப்பா, மாலை போட்ட படமாக அதில் வரப்போகிறார். கருமாதி அவருக்குக் கீழே போனது.

வைரவநாதனுக்கு முகம் சிவந்தது. "எங்கப்பா போய் எத்தனை வருஷமாச்சு! நீ இப்பத்தான் அவருக்குக் கருமாதி பண்றியா?"

"சரிங்கய்யா, அந்தப் பக்கமே வேணாம். எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா? சாவு வீட்டுக்காரன் எங்க போவான், எதிர்க்கடைக்கா? பேரம் பேசாம வாங்குற ஒரே மனுசன் அவன்தான்மா!"

யசோதினி பல்லைக் கடித்துக்கொண்டு, சார்ட்டின் ஓரத்தில், எந்தக் கோட்டோடும் ஒட்டாமல் அதைத் தனியாக வரைந்தாள். அப்படியும் விடவில்லை. எல்லாப் பக்கத்துக்கும் மேலே பெட்டிப் பெயர்களெல்லாம் மெனுவாக வரும் என்று அவள் முன்பு வாய் தவறிச் சொன்னதை வைரவநாதன் ஞாபகம் வைத்திருந்தார்.

"அப்ப கோடித்துணி பார்க்கிறவன் தலைக்கு மேல 'கல்யாணம்'னு எழுதியிருக்குமா? அழுதுக்கிட்டு வர்றவன்மா அவன்!"

இந்த நேரம் பார்த்து இந்திரஜித் உள்ளே வந்தான். கொழும்பில் பெரிய டிசைன் கம்பெனியின் ஆள். இதே வேலைக்கு அவனையும் வரச்சொல்லியிருந்தார்கள் என்பது யசோதினிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் மடிக்கணினியைத் திறந்தான். வண்ண வண்ணப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து இடத்தில் உட்கார்ந்தன. யசோதினி நன்றாக உற்றுப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பக்கத்தில், தோளில் கை போட்டுக்கொள்ளாத குறையாக, இறுதிச்சடங்கு இருந்தது.

இப்போது பிடிபடுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"ரொம்ப அழகு தம்பி!" என்றார் வைரவநாதன். "ஒரு குறை சொல்ல முடியாது."

"கண்ணப் பறிக்குது" என்றார் பூவம்மா.

இந்திரஜித்துக்குத் தேநீர் வந்தது. கூடவே கேக்கும் வந்தது. வந்ததிலிருந்து யசோதினிக்குப் பச்சைத் தண்ணீர்கூட வரவில்லை. "நான் போன்ல கோல் எடுக்கிறேன் தம்பி" என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் வைரவநாதன். இந்திரஜித் சிரித்த முகத்தோடு போனான்.

அங்கம்மாவும் எழுந்தாள். "இந்த மஞ்சள ஓரமா வைங்க. டவுன ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

யசோதினிக்கும் அப்படியே எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டி அவளை விடவில்லை. அவளுடைய அப்பா இறந்த அன்று லயத்து ஆட்கள் துணி எடுக்க பண்டாரவளைக்கோ பதுளைக்கோ என்று அலைந்தது ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு யாரும் நிறம் பார்க்கவில்லை, கரை பார்க்கவில்லை. எந்தக் கடைக்காரர் போனை எடுப்பார் என்று மட்டுமே கேட்டார்கள்.

அவள் கருமாதிப் பெட்டியை அடியோடு அழித்தாள். சார்ட்டின் அடியில் ஒரே ஒரு வரி எழுதினாள்: 'அவசரத் தேவைக்கு எந்த நேரமும் அழையுங்கள்.'

"இதுக்குத் தனிப் பக்கமே வேணாம்யா. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் இந்த வரியும் கடை நம்பரும் இருக்கும். கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ண உறுத்தாது. துக்க வீட்டுக்காரங்களுக்குப் பார்த்த உடனே புரியும்."

பூவம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"எந்த நேரமும்னா, சாப்புடுற நேரத்துலயும் போன் எடுக்கணுமே, யாரு எடுக்கிறது?" என்றார் பூவம்மா.

"எழுத்து வேற சின்னதா இருக்கு" என்றார் வைரவநாதன். "இந்தக் கோடு ஏன் கோணலா போகுது? திருவிழாவ எதுக்குக் கல்யாணத்துக்கு முன்னால போட்ட? பச்சைக் கலர் எனக்குப் புடிக்கல."

யசோதினிக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"நான் வர்றேங்கய்யா."

"சரி மகள். அந்தச் சார்ட்ட சுருட்டாத, ஓரமா வச்சுட்டுப் போ" என்றார் அவர், சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பஸ் நிலையத்தில், தெமோதரை வழியாகப் போகும் பண்டாரவளை பஸ் நின்றது. யசோதினி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பழைய கம்பெனிக்கு 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று தட்டினாள். அனுப்ப மனம் வராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு விட்டபடி ஒருத்தி வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அங்கம்மா. மடியில் வைரவநாதன் கடைப் பை. பையின் வாயில் மஞ்சள் எட்டிப் பார்த்தது.

போன் அடித்தது. வைரவநாதன்.

"மகள், அந்த 'எங்களைப் பற்றி' இருக்கே, அதுல அப்பா படம் இடது பக்கம் வருமா, வலது பக்கம் வருமா? இடது பக்கம்னா சரிவராது. சடங்குப் பெட்டி இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கணும். ஆன்ட்டிக்கும் ஏதோ சொல்லணுமாம், இரு…"

"பஸ்ல இருக்கேங்கய்யா, பொறவு எடுக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள் யசோதினி. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னா புள்ள, அழுவுறியா?" என்றாள் அங்கம்மா.

"ஒண்ணுமில்லக்கா. அந்த வேலை எனக்குக் கிடைக்காது. கொழும்புல இருந்து வந்தவருக்கு 'ரொம்ப அழகு'ன்னாங்க. எனக்கு மட்டும் கோடு கோணல், எழுத்துச் சின்னது, கலர் புடிக்கல. பஸ்ஸுல ஏறினப்புறமும் போன் போட்டுக் குறை சொல்றாங்க."

அவள் விரல் அனுப்புகிற பொத்தானுக்குப் போனது. அங்கம்மா மஞ்சள் சேலையைப் பைக்குள் பத்திரமாக அமுக்கிவிட்டுச் சிரித்தாள்.

"அடப் போ புள்ள! நா 'ரொம்ப அழகு'ன்னு சொன்ன சேலையெல்லாம் இன்னும் அந்தக் கடையிலயேதான் கெடக்கு."