மேற்படி நபரின் சிங்கப்பூர்ப் பயணம்

சிங்கப்பூர் போவதில்லை என்று நான் உறுதியாக முடிவெடுத்த அன்று காலையில்தான், சிங்கப்பூர் போகிறோம் என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

என் பெயர் மரியசூசை. காரிமங்கலம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து எண்பத்தாறில் ஓய்வு பெற்றவன். முடியாது என்று ஒரு வரிகூட எழுதாமல் ஒரு காரியத்தை முடியாமல் ஆக்குவதில் அந்த ஆபீசில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தத் திறமையை வீட்டில் காட்டப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி ராஜமேரிக்கு ஒரே தம்பி, சவரி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. பன்னிரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. அவன்தான் இப்படிக் கடிதம் போட்டிருந்தான்: அக்காவும் மாமாவும் பத்து நாள் வந்து தங்க வேண்டும். எனக்கு ஷிஃப்ட் வேலை, கூடவே சுற்ற முடியாது. அதனால் ராஜாமணி என்று ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். வயதானவர்களைத் தனி வேனில் பத்திரமாகச் சுற்றிக்காட்டுவதுதான் அவர் தொழில். அதற்கு முன்னால் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எதிலும் ஜாக்கிரதையான மனுஷன்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விமானம் என்றால் பயம். ஏறினால் உயிர் போகும், ஏறாவிட்டால் மானம் போகும். விமானத்துக்குள்ளேயே மானமும் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பயம் என்று வாயைத் திறந்து சொன்னால் சந்தை வரைக்கும் சிரிப்பார்கள். ஆகவே ராஜமேரியைப் பயப்படுத்துவது என்று தீர்மானித்தேன். அவள் வர மறுத்தால், அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போவேனா?

"ராஜமேரி, வெளிநாடுன்னா சும்மா இல்ல. வயசாயிடுச்சு நமக்கு. தண்ணியே ஒத்துக்காது."

"காய்ச்சிக் குடிச்சுக்கலாங்க."

"சாப்பாடு சேராது."

"தம்பி வூட்டுல ரசம் வெச்சுக்கறன்."

"ரோடெல்லாம் ஏரி அகலம். காரு பறக்குமாம். அந்தப் பக்கம் போறதுக்குள்ள அடிச்சுப் போட்டுடுவான்."

"அதுக்குத்தானுங்களே அந்த ராஜாமணி. கையப் புடிச்சு கூட்டிட்டுப் போவாராம்."

"யாரோ ஒரு ஆம்பள உன் கையப் புடிப்பானா?"

"இன்னொரு கைய நீங்க புடிச்சுக்குங்க."

அதோடு அவள் ராகி களிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

நான் அசரவில்லை. சவரியின் கடிதத்தோடு இரண்டு ஃபாரங்கள் வந்திருந்தன. பயணிகளின் உடல்நிலை பற்றி ராஜாமணி ஆங்கிலத்தில் தயாரித்தது. ஆளுக்கு ஒன்று, இருபத்து நான்கு கேள்விகள். படி ஏறுவாரா, தலை சுற்றுமா, வழி மறப்பாரா, என்ன மருந்து, என்ன பத்தியம் என்று ஒரு டாக்டர்கூட அத்தனை கேட்க மாட்டார். ஃபாரத்தைப் பார்த்ததும் என் மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

எனக்கான ஃபாரத்தில் நான் ஒரு பயில்வான் என்று எழுதினேன். தினம் ஐந்து மைல் நடை. மருந்தே கிடையாது. எதையும் தின்பார், எதிலும் ஏறுவார். ராஜமேரிக்கானதில் கை கொள்ளாத அளவுக்கு நோய்களை அள்ளிப் போட்டேன். ரத்த அழுத்தம், மூட்டு வலி, மயக்கம். பத்தடிக்கு மேல் நடக்க இயலாது. உப்பு, இனிப்பு, எண்ணெய் கூடாது. உயரம் ஆகாது. அவளோ கிணற்றில் நாற்பது குடம் இறைத்துவிட்டு ஓட்டமாகக் கோயிலுக்குப் போகிறவள். கடைசிக் கேள்வி, "வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா?" ஆபீஸ் ஆங்கிலத்தில் பொறுமையாக எழுதினேன்: "மேற்படி நபர் தமக்கு எந்த நோயும் இல்லை என்று அடித்துச் சொல்வார். நம்ப வேண்டாம்."

இதைப் படிக்கிற எந்த வழிகாட்டியும் இப்படிப்பட்டவரை அழைத்து வராதீர்கள் என்றுதான் பதில் போடுவான்.

ஒரே ஒரு குறை. பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் எழுதும் இடத்தை இரண்டு ஃபாரத்திலும் காலியாக விட்டிருந்தேன். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதலாம் என்று நினைத்தேன். என்னுடையதை மேலேயும் அவளுடையதைக் கீழேயும் வைத்து, கிளிப் போட்டு, அலமாரியில் வைத்தேன்.

பாஸ்போர்ட் வந்த அன்று பார்த்து நான் பென்ஷன் விஷயமாக தர்மபுரி போயிருந்தேன். திரும்பி வந்தால் அலமாரியில் ஃபாரங்கள் இல்லை.

"தபால்ல போட்டுட்டனுங்க," என்றாள் ராஜமேரி. "சவரி அவசரம்னு எழுதியிருந்தான் இல்ல? கன்னியர் மடத்து சிஸ்டர்கிட்ட குடுத்து பேரு, நம்பரு எல்லாம் எழுதி வாங்கிட்டன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்: "எதுல யாரு பேர எழுதுனாங்க?"

"மேல இருந்ததுல உங்க பேரு, கீழ இருந்ததுல என் பேரு. சரிதானுங்களே?"

"ரொம்பச் சரி," என்றேன். அஞ்சாம் வகுப்பு படித்தவளானாலும் ஒழுங்கானவள் என்று மனசுக்குள் பாராட்டினேன்.

மூன்று வாரத்தில் ராஜாமணியிடமிருந்து தமிழில் பதில் வந்தது: இருவரையும் அன்புடன் வரவேற்கிறேன். உடல் நலமில்லாதவரைப் பற்றிக் கொஞ்சமும் கவலை வேண்டாம். அவரைவிட மோசமான நிலையில் இருந்தவர்களை எல்லாம் பத்திரமாகச் சுற்றிக்காட்டியிருக்கிறேன். விமான வாசலிலிருந்தே அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று சவரி எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நோயாளி வேண்டாம் என்று சொல்ல அவர் பஸ் கண்டக்டரா என்ன?

இனி பின்வாங்க வழியில்லை. விமானத்தில் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடியவன், சிங்கப்பூரில்தான் திறந்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராஜமேரி, மேகம் பக்கத்தில் வந்தபோதெல்லாம் பார்க்கச் சொல்லி என் முழங்கையைத் தட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இறங்கியதும் ஒரு சக்கர நாற்காலி காத்திருந்தது. பாவம், நல்லா இருக்கிறவளை இதில் உட்கார வைக்கப் போகிறார்களே என்று எனக்கே குற்ற உணர்ச்சி. அதைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் ஒரு அட்டை. அதில் என் பெயர்.

"தப்பு நடந்திருக்கு," என்றேன்.

ராஜமேரி என் சட்டைக் காலரை மட்டும் சரி செய்துவிட்டாள்.

அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். அங்கே ராஜாமணி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, சாந்தமான முகம். பக்கத்தில் சவரி கண் கலங்கி நின்றான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே சொன்னேன்.

"ஐயா, எனக்கு ஒரு நோயும் கிடையாது."

ராஜாமணி பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். கடைசி வரியை விரலால் தொட்டார். சவரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என் தோளில் கை வைத்து மெதுவாக உட்கார வைத்தார்.

"சத்தியமா இல்லீங்க. தினம் அஞ்சு மைல் நடக்கறவன் நான்."

"நடக்கலாம் ஐயா. முதல்ல வீட்டுக்குப் போவோம்."

"சவரி, நீயாவது நம்புடா."

"மாமா," என்றான் சவரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கப்பாவும் கடைசி காலத்துல இப்படித்தான் சொன்னாருங்க."

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுத்தார் ராஜாமணி. வெயிலுக்குத் தொப்பி போட்டார். தொலைந்துபோனால் எங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எழுதி, அட்டையைக் கழுத்தில் மாட்டினார். அவர் கை காட்டாமல் யாரும் ரோட்டைக் கடக்க முடியாது. பறவைப் பூங்காவில் ராஜமேரி கிளிக்குப் பழம் கொடுத்தாள். எனக்கு உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். சவரி வீட்டில் நண்டு வறுத்த அன்று, வாசம் என்னைச் சங்கடப்படுத்துமே என்று என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள்.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. பூங்காவில் எல்லார் முன்னாலும் நாற்காலியை உதறிவிட்டு விறுவிறுவென்று நடந்து காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர்கள் நாலு பேர் எழுந்து கை தட்டினார்கள். ராஜாமணி நோட்டுப் புத்தகத்தில், "காலை 9.40. உதவியின்றி முப்பதடி" என்று எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் கேபிள் கார். மலையிலிருந்து கடலுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற பெட்டி. எனக்கு உயரம் ஆகாது என்று ஃபாரத்திலேயே இருக்கிறதே, ஆகவே ராஜாமணியோடு கீழே நிழலில் இருந்தேன். அன்று சவரிக்கு லீவு. அக்காளும் தம்பியும் ஏறிப் போனார்கள்.

பெட்டி சின்னதாகிக்கொண்டே போய் ஒரு புள்ளியானது. காற்று வேறு அடித்தது. அந்தப் புள்ளிக்குள் ராஜமேரி இருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் திரும்பி வரும்வரை நாற்காலியின் இரண்டு கைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ராஜாமணி என் நாடியைப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் ஏதோ எழுதினார்.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். சவரியும் ராஜாமணியும் வேனை எடுக்கப் போனார்கள். நாங்கள் இருவர் மட்டும். சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"மேரி, அந்த நோய் ஃபாரம் உன்னுதுன்னுதான் நான் எழுதுனேன்."

"தெரியுங்க. சிஸ்டர் வரிக்கு வரி தமிழ்ல படிச்சுக் காட்டுனாங்க. மேல இருந்தத கீழ, கீழ இருந்தத மேல வெச்சது நாந்தானுங்க."

"எதுக்கு அப்படி எழுதுனேன்னு நீ கேக்கவே இல்லையே?"

"கேக்கணுங்களா? ஒகேனக்கல்ல எல்லாரும் பரிசல்ல போனப்ப, கரையில உக்காந்து செருப்புக்குக் காவல் இருந்தவருதான நீங்க."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "அவ்ளோ தெரிஞ்சவ, என்ன வூட்டுலயே விட்டுட்டு நீ மட்டும் வந்திருக்கலாமே?"

அவள் கடலைப் பார்த்தாள்.

"தனியா வர எனக்கும் பயமா இருந்துச்சுங்க."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். பயம் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இனி எனக்கு இந்த நாற்காலி வேண்டாம், மிச்சம் இருக்கிற ஒரு நாளாவது இவள் பக்கத்தில் நடந்தே வருவது என்று முடிவு செய்து, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தேன்.

ராஜமேரி என் தோளை அழுத்தினாள்.

"உக்காருங்க. பின்னாடி மூணு பை மாட்டியிருக்கறன். நீங்க எந்திரிச்சா சாஞ்சுடும்."