புதுக்கருக்கு அழியாத கையுறைகள்

உத்தரவென்றால் உயிரை விடுபவை உலகில் இரண்டே இரண்டு: ஒன்று மனித உடல், மற்றொன்று மலேசியாவில் ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் அலுவலகம். இதில் உடலுக்கு இரண்டாம் இடம்தான் என்பது அங்கே கணக்கெழுதும் கிராணி கணேஸ்வரனின் தாழ்மையான அபிப்பிராயம்.

அவருடைய நிர்வாகத் திறமைக்குச் சாட்சி, அலமாரியில் பூட்டிக் கிடந்த நாற்பது ஜோடி கையுறைகள். 'பாதுகாப்பு ஆய்வு' நாளன்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அவை வழங்கப்படும். படம் எடுத்ததும் திரும்ப வாங்கிப் பூட்டப்படும். மூன்று வருடத்தில் ஒன்றில்கூட ஒரு சொட்டுப் பூச்சிமருந்து பட்டதில்லை. எப்பேர்ப்பட்ட பராமரிப்பு!

பட்டதெல்லாம் மருந்தடிக்கும் நாகமணியின் கைகளில்.

"கிராணி, இடது கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்கு."

"பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்லதுதானே லா? அதுக்கு எதுக்கு லீவு?"

"வலதும் துடிக்குதே!"

"அப்ப நல்லதுக்கும் கெட்டதுக்கும் சரியாப் போச்சு. போங்க."

அடுத்த வாரம் விரல்களும் துள்ளின. நாகமணி தானே கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் விளக்கினார்: "கையை மடக்குன்னு மூளை சொன்னா, நரம்பு அந்தச் சேதியைக் கொண்டாந்து சதைகிட்ட துளி ரசாயனமா விடும். சதை இறுகும். உடனே அந்த ரசாயனத்தை அழிக்க ஒரு நொதி இருக்கு, அப்பதான் சதை தளரும். இந்த மருந்து அந்த நொதியை முடக்கிடும். சேதி அழியாம நிக்குது, சதை துடிக்குது. மூச்சு விடுற சதைக்கும் இது வந்தா உயிருக்கே ஆபத்தும்மா. இனிமே மருந்தைத் தொடாதீங்க."

அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். படித்த கணேஸ்வரனுக்கு மெய்சிலிர்த்தது. போட்ட உத்தரவு ரத்தாகவே ஆகாதாமே! அச்சு அசல் நம் அலுவலகம்தான்!

"எனக்குப் பழம் பொறுக்குற வேலை மாத்திக் குடுங்க கிராணி. உசுரு பயமா இருக்கு."

"ஆய்வு முடியட்டும்க்கா. ஆள் கணக்கு குறையக் கூடாது."

கடிதம் 'தக்க நடவடிக்கைக்காக' கோப்பில் உறங்கியது. நாகமணி மேலும் ஒன்பது நாள் மருந்தடித்தாள்.

ஆய்வு நாள். எல்லாரும் கையுறை மாட்டி நின்றார்கள். நாகமணியின் விரல்கள் மட்டும் உறைக்குள் நுழைய மறுத்துத் துள்ளின. கையுறை மூன்று முறை மண்ணில் விழுந்தது.

"ஆட்டாதீங்கக்கா, படம் கெடுது!" என்று பல்லைக் கடித்தார் கணேஸ்வரன்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி.

"கை அடங்கி இருந்தப்போ உறை கேட்டேன் சார், பூட்டி வெச்சாரு. இப்ப உறை வந்திருச்சு, கை அடங்க மாட்டேங்குது."

அதிகாரி அலமாரிச் சாவியைக் கேட்டார். இடுப்பிலிருந்து அதை எடுக்கப் போன கணேஸ்வரனின் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. இத்தனைக்கும் அவர் மேல் ஒரு சொட்டு மருந்துகூடப் பட்டதில்லை.