நாத்தனார் கழுத்துக்கு வந்த நிச்சயதார்த்தச் சங்கிலி

சனிக்கிழமை காலைல எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவுல மல்லிப்பூ அஞ்சு முழம் வாங்கணும்.

சாயந்திரம் மாமல்லபுரத்துல தம்பிக்கு நிச்சயதார்த்தம். பொண்ணுக்குப் பூ வச்சு, சங்கிலி போட வேண்டியது நாத்தனார். அதாவது நான்! ஒரே அக்கா. இதுக்குன்னே புடவை எடுத்து வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன்.

பூ வாங்கினவ பேசாம வந்திருக்கலாம்ல? பக்கத்துல மிளகாப்பொடி தூவின மாங்காய் பத்தை. வாய் சும்மா இருக்குமா? ஒரு கடிதான். இடது தாடைக்குக் கீழ சுருக்குன்னு இழுத்து, எலுமிச்சம்பழம் சைசுக்கு வீங்கிடுச்சு!

பூக்காரம்மா பாத்துட்டாங்க.

"இன்னா டீச்சர், தாடை வீங்கிகினு கீது? பொன்னுக்கு வீங்கிதான். வூட்டுக்குப் போயி கழுத்துல பவுனு போடு!"

நானும் தலையாட்டினேன். ஆட்டினது யாரு? பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் எடுக்கிற மகராசி!

வீட்டுக்கு வந்ததும் அம்மா தம்பியை ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினாங்க.

"கல்யாணம் ஆகப்போறவனுக்கு ஒட்டிக்கிட்டா நாளைக்குக் குழந்தை குட்டி வேணாமா? நீ வராதடி. சித்தி பொண்ணு சங்கிலி போடட்டும்."

சித்தி பொண்ணா! என் கல்யாணத்துல பந்தி சரியில்லைன்னு மூஞ்சைத் தூக்கினவ! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வீட்டுக்காரர் மெதுவா, "டாக்டர்கிட்ட காட்டிடலாமே"ன்னார்.

"சும்மா இருங்க. எனக்குத் தெரியாததா?"ன்னு அவர் வாயை அடைச்சேன்.

"தாலிச் செயினே பொன்னுதானேம்மா?"ன்னு அம்மாகிட்ட கேட்டேன்.

"அது பழசுடி. புதுப் பொன்னு வேணும்."

வீட்டுல இருந்த புதுப் பொன்னு, பொண்ணுக்கு வாங்கின சங்கிலி மட்டும்தான். அதை எடுத்து என் கழுத்துல மாட்டிட்டாங்க. ஒரு மணி நேரத்துல வீக்கம் வத்திடுச்சு!

"பாத்தியா?"ன்னாங்க அம்மா. நானும் "ஆமாம்மா"ன்னேன். வெக்கங்கெட்டவ!

போக அனுமதி கிடைச்சுது. சங்கிலியைத் துடைச்சுத் தட்டுல வச்சாச்சு.

மண்டபத்துல நுழைஞ்சதும் எலுமிச்சை ஜூஸ் குடுத்தாங்க. ஒரு மடக்கு குடிச்சேன். அவ்வளவுதான், தாடை மறுபடியும் புஸ்ஸுனு வீங்கிடுச்சு.

"ஐயையோ, பொன்னைக் கழட்டினதுதான் தப்பு!"ன்னு அம்மா பாய்ஞ்சாங்க. தட்டுல இருந்த சங்கிலியை எடுத்து, அத்தனை பேர் முன்னாடி என் கழுத்துல மாட்டினாங்க.

பொண்ணோட அம்மாவுக்கு முகம் செவந்துடுச்சு. "என்ன சம்பந்தி இது? எங்க பொண்ணுக்கு வச்ச சங்கிலியாச்சே!"

தம்பி மேடையில நெத்தியில கை வச்சு உக்காந்துட்டான். நிச்சயமே நின்னுடும்போல ஆயிடுச்சு, என் ஒரு வாய் மாங்காயால!

நல்லவேளை, பொண்ணோட பெரியப்பா பல் டாக்டர். எழுந்து வந்தார்.

"சாப்பிடறப்ப வீங்கி, அப்புறம் வத்துதாம்மா?"

"ஆமா."

"பொன்னுக்கு வீங்கின்னா பெரும்பாலும் காதுக்கு முன்னாடி வீங்கும். இது தாடைக்குக் கீழ இருக்கே. நாக்கைத் தூக்குங்க."

செல்போன் லைட்ல பாத்துட்டுச் சிரிச்சார். "இங்க ஒரு உமிழ்நீர் சுரப்பி இருக்கு. அதோட குழாய் நாக்குக்கு அடியில திறக்குது. அந்தக் குழாய் வாயில கல்லு அடைச்சிருக்கு. புளிப்பு பட்டதும் எச்சில் ஊறுது, வெளிய வர வழியில்லாம சுரப்பி வீங்குது."

கையைக் கழுவிட்டு வந்து, நாக்குக்கு அடியில பின்னாடியிருந்து முன்னாடி மெதுவா அழுத்தினார். அரிசி நொய் மாதிரி ஒண்ணு டிஷ்யூ பேப்பர்ல விழுந்துச்சு.

"உள்ள இன்னும் கல்லு இருக்கலாம். திங்கக்கிழமை ஸ்கேன் எடுத்துடுங்க. ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள என் வீட்டுக்காரர் முந்திக்கிட்டார். "விலங்கியல் டீச்சர் சார். போன வாரம்தான் உமிழ்நீர் சுரப்பி படத்துல பாகம் குறிக்காத பசங்களையெல்லாம் வெளிய நிக்க வச்சா."

மண்டபமே சிரிச்சுது. பொண்ணோட அம்மாவும்தான்!

அதே சிரிப்போட பொண்ணுக்குச் சங்கிலி நான்தான் போட்டேன். சித்தி பொண்ணு போட்டோ எடுத்தா.

கல்லு எப்படி வெளிய வந்துச்சுன்னு கேக்கறவங்க எல்லார்கிட்டயும், "புதுப் பொன்னு போட்டோம்ல, அதான்"னு அம்மா சொல்லிக்கிட்டிருக்காங்க. பூக்காரம்மாகிட்ட ஆட்டின மாதிரியே நானும் தலையாட்டிக்கிட்டிருக்கேன்.